பொங்கல் மேடைக்கு வரும் சிறப்பு விருந்தினரிடம் கேட்க ஒரு கேள்வி

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் உங்கள் பொங்கல் விழாவுக்கு மாநிலச் சட்டமன்றத்திலிருந்து யாரையாவது சிறப்பு விருந்தினராக அழைக்கிறீர்கள். குத்துவிளக்கு ஏற்றுவார், பொன்னாடை போர்த்திக்கொள்வார், 'வனக்கம்' என்று தொடங்கி இரண்டு நிமிடம் பேசுவார். தமிழர் மரபைப் பாராட்டும் பிரகடனம் ஒன்றை ஃபிரேம் போட்டுக் கொடுப்பார். நிர்வாகக் குழு முழுவதும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். பிறகு சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு அவசரமாகக் கிளம்பிவிடுவார். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்தப் படங்களில் சிலவற்றில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் அவர் கையில் இருக்கும் ஓர் அதிகாரம் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் உங்கள் மாநிலத்துக்கு இருக்கும் இரண்டு செனட்டர்களில் ஒருவர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனால், அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்காருவது, எத்தனை காலம் உட்காருவது, மக்களைக் கேட்டு உட்காருவதா கேட்காமலா என்பதையெல்லாம் முடிவு செய்யும் சட்டத்தை வாஷிங்டனில் யாரும் எழுதுவதில்லை. நம் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாரே, அவரும் அவருடைய சகாக்களும்தான் எழுதுகிறார்கள். அடுத்த முறை அவர் வரும்போது இதைப் பற்றிக் கேளுங்கள் என்று வேண்டத்தான் இந்த மடல்.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. எம்.எல்.ஏ. இறந்தாலும் எம்.பி. இறந்தாலும் 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவிலும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இறந்தால் தேர்தல் ஒன்றுதான் வழி; அங்கே யாரும் யாரையும் நியமிக்க முடியாது. செனட் கதை வேறு. 1913 வரை செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. இன்று நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பதுபோல அங்கே மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. சட்டமன்றத்துக்குள் சண்டை மூண்டால் நாற்காலி காலியாகவே கிடக்கும். டெலவேர் மாநிலத்துக்கு 1901 முதல் 1903 வரை செனட்டில் ஒருவர்கூட இல்லை. இரண்டு நாற்காலியும் காலி.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்துத்தான் 1913-இல் அரசியலமைப்பின் 17-ஆவது திருத்தம் வந்தது. இனி மக்களே செனட்டரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றது. நாற்காலி காலியானால் ஆளுநர் (இங்கே அவர் நம் ஊர் முதல்வர்போல, தேர்தலில் வென்று வரும் கட்சிக்காரர்) தேர்தலுக்கு உத்தரவிட வேண்டும் என்றது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்த மடலை எழுத வேண்டியிருக்காது. கூடவே ஒரு விலக்கும் சேர்த்தார்கள்: மக்கள் தேர்தல் மூலம் அந்த இடத்தை நிரப்பும் வரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் விரும்பினால் ஆளுநருக்குக் கொடுக்கலாம். தேர்தல் எப்போது என்பதையும் சட்டமன்றமே வகுக்கலாம். 'தற்காலிகம்' எத்தனை நாள் என்று திருத்தம் சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள் 50 மாநிலங்களும் தத்தம் விருப்பப்படி புகுந்துகொண்டன.

எவ்வளவு தூரம் புகுந்தன என்று பார்க்க இரண்டு மரணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் செனட்டர் எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2018 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. இருவருக்கும் ஒரே வகை மூளைப் புற்றுநோய். செனட் மண்டபத்தில் இருவருடைய மேசையிலும் கறுப்புத் துணி விரித்து வெள்ளை ரோஜாக்கள் வைத்தார்கள். அதுவரை எல்லாம் ஒன்றுபோல. அதற்குப் பிறகு மாசசூசெட்ஸ் மக்கள் வாக்களிக்க 147 நாள் ஆனது. அரிசோனா மக்களுக்கு 801 நாள்.

அரிசோனாவில் நடந்தது இது. அங்கே ஆளுநர் நியமிக்கலாம், ஆனால் இறந்தவரின் கட்சிக்காரராகவே இருக்க வேண்டும். மெக்கெய்ன் இறந்து மூன்றாம் நாள் மாநிலத்தின் உட்கட்சித் தேர்தல், அதாவது ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் தேர்தல், இருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் நாற்காலி காலியானால் அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் கிடையாது, அதற்கடுத்த பொதுத்தேர்தலில்தான் என்பது சட்டம். ஆக 2020 நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஆளுநர் டக் டூசி முதலில் ஜான் கைலை நியமித்தார். அவர் நான்கு மாதத்தில் விலகிக்கொண்டார். அடுத்து மார்த்தா மெக்சாலி. இவர் யாரென்றால், அதே 2018 நவம்பரில் மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்துக்குப் போட்டியிட்டு கிர்ஸ்டன் சினிமாவிடம் தோற்றவர். வாக்காளர்கள் வேண்டாம் என்று சொல்லி ஓரிரு மாதம்கூட ஆகவில்லை, பக்கத்து நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வழக்குப் போட்டார்கள், இது சட்டப்படி செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020-இல் மக்கள் மார்க் கெல்லியைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டத்தில் எழுதியிருந்ததைத்தான் டூசி செய்தார் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சட்டத்தை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவர்கள்மேல்தான்.

என் மாநிலமான மாசசூசெட்ஸ் 147 நாளில் முடித்தது என்று பெருமையாகச் சொல்லலாமே என்று தோன்றும். அந்தக் கதையை முழுதாகச் சொன்னால் பெருமை போய்விடும்.

2004-இல் எங்கள் செனட்டர் ஜான் கெர்ரி குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். அவர் வென்றால் செனட் இடம் காலியாகும். அப்போதிருந்த சட்டப்படி ஆளுநர் நியமிப்பார். ஆளுநராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி. சட்டமன்றமோ ஜனநாயகக் கட்சியின் கோட்டை. விடுவார்களா? ஆளுநரின் நியமன அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். நாற்காலி காலியானால் 145 முதல் 160 நாளுக்குள் சிறப்புத் தேர்தல், அதுவரை அது காலியாகவே கிடக்கட்டும் என்று சட்டம் போட்டார்கள். ராம்னி வீட்டோ செய்தார். அதையும் மீறி நிறைவேற்றினார்கள். தேர்தல் வரைக்குமாவது ஓர் இடைக்கால உறுப்பினர் இருக்கட்டுமே என்று குடியரசுக் கட்சியினர் கேட்டதற்கு, முடியாது என்றார்கள். மக்களின் உரிமை, ஜனநாயகம் என்றெல்லாம் மேடையில் முழங்கினார்கள். கெர்ரி தோற்றுப்போனதால் சட்டம் தூங்கப் போய்விட்டது.

ஐந்து வருடம் கழித்து ஆளுநர் டெவால் பேட்ரிக், ஜனநாயகக் கட்சி. கென்னடி சாகக் கிடக்கிறார். வாழ்நாள் முழுவதும் அவர் போராடிய மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டுக்கு வரப்போகிறது. விவாதத்தை இழுத்தடித்து மசோதாவை முடக்கும் எதிர்த்தரப்பின் தடையை உடைக்க 60 வாக்கு வேண்டும், கென்னடியின் இடத்தையும் சேர்த்தால்தான் கட்சிக்குச் சரியாக 60. தேர்தல் வரை மாநிலத்துக்கு இரண்டு வாக்கும் இருக்கும்படி ஓர் இடைக்கால நியமனத்துக்கு வழி செய்யுங்கள், நியமிக்கப்படுபவர் தேர்தலில் நிற்கமாட்டேன் என்று உறுதி தரட்டும் என்று ஆளுநருக்கும் சட்டமன்றத் தலைவர்களுக்கும் கென்னடி கடிதம் எழுதினார். அது வெளியே வந்த சில நாளில் இறந்தார். ஐந்து வருடத்துக்கு முன் முடியாது என்ற அதே சட்டமன்றம் இப்போது முடியும் என்றது. அன்று வேண்டும் என்ற குடியரசுக் கட்சியினர் இன்று கூடாது என்றார்கள். இரண்டு தரப்பும் பழைய உரையை மாற்றிப் படித்தது போலிருந்தது அந்த விவாதம். ஒரே மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அது உடனே அமலுக்கு வர ஆளுநர் அவசரநிலைக் கடிதம் கொடுத்தார். செப்டம்பர் 24-ஆம் தேதி, கென்னடியிடம் முன்பு பணியாற்றிய பால் கர்க் நியமிக்கப்பட்டார். மறுநாள் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது, அவரும் பதவியேற்றார்.

அந்த நியமனம் ஒப்புக்குச் செய்ததல்ல. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் 60-க்கு 39 என்று நிறைவேறியது. அந்த 60-இல் ஒன்று கர்க்குடையது. இன்று நம் சொந்தங்களில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தின் சந்தையில் காப்பீடு வாங்குகிறார்கள், எத்தனை பேர் 26 வயது வரை பிள்ளைகளைத் தங்கள் காப்பீட்டிலேயே வைத்திருக்கிறார்கள்! ஒரு வாக்காளர்கூட வாக்களிக்காத ஒரு மனிதரின் கை அதில் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்பது அவரவர் அரசியல். இடைக்காலம்தானே, யார் இருந்தால் என்ன என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

2010 ஜனவரி 19 அன்று சிறப்புத் தேர்தல். வழியெல்லாம் பனிச்சேறு. எங்கள் ஊர் வாக்குச்சாவடியில் வரிசை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை; வரிசை கதவுக்கு வெளியே நின்றது. 22 லட்சத்துக்கும் அதிகமான பேர் வாக்களித்தார்கள். அதற்குச் சில நாள் முன் தொலைக்காட்சி விவாதத்தில் 'கென்னடியின் இருக்கை' என்று கேள்வி வந்தபோது, இது கென்னடிகளின் இருக்கை அல்ல, மக்களின் இருக்கை என்று குடியரசுக் கட்சி வேட்பாளர் ஸ்காட் பிரவுன் பதில் சொன்னார். ஜனநாயகக் கட்சியின் மார்த்தா கோக்லியைச் சுமார் 5 சதவீத வித்தியாசத்தில் தோற்கடித்தார். சட்டத்தை இப்படியும் அப்படியும் வளைத்தவர்கள் கடைசியில் அந்த இடத்தையே இழந்தார்கள். நான் பிரவுனுக்கு வாக்களிக்கவில்லை. ஆனாலும் அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த நாற்காலியில் யார் என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அரிசோனாக்காரர்களுக்கு அது இரண்டு வருடத்துக்கும் மேல் கிடைக்கவில்லை.

அந்த 'மக்களின் இருக்கை'க்கு ஒரு பழைய கதையும் உண்டு. சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1960-இல் ஜான் கென்னடி குடியரசுத் தலைவராகத் தேர்வானதும் அவருடைய செனட் இடம் காலியானது. தம்பி எட்வர்டுக்கு அப்போது 28 வயது. செனட்டராக 30 வேண்டும். ஆளுநர் ஃபாஸ்டர் ஃபர்கோலோ, ஜானுடைய கல்லூரி அறைத்தோழர் பெஞ்சமின் ஸ்மித்தை நியமித்தார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல ஸ்மித் இரண்டு வருடம் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். 1962-இல் தம்பிக்கு 30 நிறைந்தது. ஸ்மித் நிற்கவில்லை, தம்பி நின்றார், வென்றார். அடுத்த 47 ஆண்டு அசைக்க முடியவில்லை. எட்வர்ட் கென்னடி மிகப் பெரிய சட்டமியற்றுநராக வளர்ந்தார் என்பது வேறு விஷயம். அப்படி வளராமலும் போயிருக்கலாம்.

துண்டு போடும் வேலைக்குத் தோதான ஆள் வேண்டும்: தானே அந்த இடத்துக்கு ஆசைப்படக் கூடாது. இதைப் புரிந்துகொண்ட ஆளுநர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். 1941-இல் டெக்சாஸ் செனட்டர் மாரிஸ் ஷெப்பர்ட் இறந்தார். ஆளுநர் ஓ'டேனியலுக்கு அந்த இடத்தின்மேல் கண். டெக்சாஸின் பழைய நாயகன் சாம் ஹூஸ்டனின் மகன் ஆண்ட்ரூ ஜாக்சன் ஹூஸ்டனை நியமித்தார். வயது 86. தேர்தலில் நின்று தனக்குப் போட்டியாக வரமாட்டார் அல்லவா! தள்ளாத வயதில் அந்தப் பெரியவர் வாஷிங்டனுக்குப் பயணம் செய்து ஜூன் 2 அன்று பதவியேற்றார். 87-ஆம் பிறந்தநாள் முடிந்து ஐந்தாம் நாள், ஜூன் 26 அன்று இறந்தார். இரண்டு நாள் கழித்து நடந்த தேர்தலில் ஓ'டேனியல் 1,311 வாக்கு வித்தியாசத்தில் லிண்டன் ஜான்சன் என்ற இளைஞரைத் தோற்கடித்து அந்த இடத்தைப் பிடித்தார்.

அமெரிக்க செனட்டின் முதல் பெண் உறுப்பினர் வந்த கதையும் இதே ரகம்தான். 1922-இல் ஜார்ஜியா செனட்டர் டாம் வாட்சன் இறந்தார். ஆளுநர் தாமஸ் ஹார்ட்விக் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தவர். இப்போது பெண்களுக்கு வாக்கு வந்துவிட்டது, அவரோ தேர்தலில் நிற்கப்போகிறார். 87 வயது ரெபேக்கா ஃபெல்டனை நியமித்துப் பெண்களைக் குளிர்விக்கப் பார்த்தார். ஹார்ட்விக் தோற்றார். வென்றவர் பெருந்தன்மையாக ஒரு நாள் தள்ளி நிற்க, ஃபெல்டன் ஒரே ஒரு நாள் செனட்டராக இருந்தார். (அவரைப் பெண் விடுதலையின் சின்னமாக்கிப் பதிவு போடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்: அடிமைகளை வைத்திருந்தவர், கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொல்வதை ஆதரித்துப் பேசியவர்.)

ஆளுநர் தானே பதவி விலகி, தனக்கு அடுத்து வந்த ஆளுநரைக் கொண்டு தன்னையே செனட்டராக நியமித்துக்கொள்வதும் நடந்திருக்கிறது. அப்படிச் செய்தவர்கள் ஒன்பது பேர். அடுத்த தேர்தலில் மக்கள் ஏற்றுக்கொண்டது கென்டக்கியின் ஹேப்பி சாண்ட்லர் ஒருவரை மட்டும். இலினாய் ஆளுநர் பிளகோயவிச் இன்னும் ஒரு படி மேலே போனார். 2008-இல் ஒபாமா விட்டுச் சென்ற இடத்தை வைத்துப் பேரம் பேசியதைத் தொலைபேசி ஒட்டுக்கேட்பில் எஃப்.பி.ஐ. பிடித்தது. கைதான பிறகும் சளைக்காமல் ரோலண்ட் பர்ரிஸ் என்பவரை நியமித்தார். மாநிலச் செயலாளர் கையெழுத்துப் போட மறுத்தார். 2009 ஜனவரி 6 அன்று நியமனச் சான்றிதழோடு செனட் வாசலுக்குப் போன பர்ரிஸிடம், இரண்டு கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழையில் குடைகளுக்கு நடுவே நின்று அவர் செய்தியாளர்களிடம் பேசியதை அன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது நாள் கழித்து உள்ளே விட்டார்கள். அது மரணத்தால் காலியான இடமில்லை என்றாலும் சாவி ஒரே சாவிதான்.

நியூ ஜெர்சி நண்பர்களுக்கு உங்கள் ஊர்க் கதையே போதும். 2013 ஜூன் 3 அன்று ஃபிராங்க் லாட்டன்பெர்க் இறந்தார். ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தன் அரசின் தலைமை வழக்கறிஞர் ஜெஃப் கியேசாவைத் தற்காலிகமாக நியமித்தார். தேர்தலையும் சீக்கிரமே வைத்தார்; அதுவரை பாராட்டலாம். ஆனால் வைத்த நாள் அக்டோபர் 16, புதன்கிழமை. கிறிஸ்டியே போட்டியிட்ட பொதுத்தேர்தல் நவம்பர் 5. மூன்று வாரம்கூட இடைவெளி இல்லாமல் இரண்டு தேர்தல். உட்கட்சித் தேர்தலுக்கும் சிறப்புத் தேர்தலுக்கும் தலா 1.2 கோடி டாலர் செலவு என்று கணக்கிட்டார்கள். மக்களிடம் செல்வாக்குள்ள கோரி புக்கர் செனட்டுக்கு நின்றதால், அவருக்காகத் திரண்டு வரும் ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் தன் தேர்தல் நாளன்று வந்துவிடக் கூடாது என்று ஆளுநர் கணக்குப் போட்டார் என்பது அன்று எல்லோரும் பேசியது. நீதிமன்றம் தலையிடவில்லை. தேதியைச் சட்டமே நிர்ணயித்திருந்தால் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

நியமனமே கூடாது என்கிறேனா? இல்லை. ஓரிகனிலும் விஸ்கான்சினிலும் அப்படித்தான்: தேர்தல் மட்டும், நியமனம் கிடையாது. கொள்கையாகக் கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் வேட்புமனு, உட்கட்சித் தேர்தல், வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்கு வாக்குச்சீட்டு அனுப்புவது எல்லாம் சேர்ந்து சில மாதம் பிடிக்கும். அத்தனை மாதமும் அந்த மாநிலத்துக்கு செனட்டில் பாதிக் குரல்தான். 2023 செப்டம்பர் கடைசியில் கலிபோர்னியாவின் டயான் ஃபைன்ஸ்டைன் இறந்தார். அரசாங்கம் நிதியில்லாமல் மூடப்படுமா என்று நாடே பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. நீதிபதிகளை உறுதிசெய்யும் குழுவிலும் அவர் வாக்கு தேவைப்பட்டது. ஆளுநர் நியூசம் சில நாளிலேயே லஃபோன்சா பட்லரை நியமித்தார். அதில் எனக்குப் பிழை தெரியவில்லை. பட்லரும் தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் மக்கள் வாக்களிக்க 2024 நவம்பர் வரை ஆனது. அதன் விளைவைக் கலிபோர்னியா நண்பர்கள் தங்கள் சாப்பாட்டு மேசையிலேயே பார்த்திருப்பார்கள்: தபாலில் வந்த வாக்குச்சீட்டில் ஆடம் ஷிஃப், ஸ்டீவ் கார்வி என்று அதே இரண்டு பெயர், செனட்டுக்கு, இரண்டு முறை. ஒன்று ஜனவரியில் தொடங்கும் ஆறாண்டு முழுப் பதவிக்கு. மற்றது ஃபைன்ஸ்டைன் விட்டுப்போன காலத்தில் எஞ்சியிருந்த சில வாரத்துக்கு. அச்சுப்பிழையா, இரண்டிலும் குறிக்கலாமா, குறித்தால் வாக்கு செல்லாதோ என்று எங்கள் கல்லூரி நண்பர்கள் வாட்சப் குழுவில் ஒரு ராத்திரி முழுக்க விவாதம். பி.எச்டி. வாங்கியவர்கள் அதில் நான்கைந்து பேர்! கமலா ஹாரிஸ் துணைக் குடியரசுத் தலைவரானபோது அவர் இடத்துக்கு அலெக்ஸ் பாடியா நியமிக்கப்பட்டு 2022-இலும் இதே இரட்டைப் போட்டி நடந்தது. கமலாவின் அம்மா வழி ஊர் எது என்று துளசேந்திரபுரம் வரை போய்ப் படம் எடுத்த நமக்கு, அவர் விட்டுப்போன நாற்காலி எப்படி நிரம்பியது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆக, நியமனம் இருக்கட்டும், குறுகியதாக இருக்கட்டும். தேர்தல் இத்தனை நாளுக்குள் என்று சட்டத்தில் எண்ணாகவே எழுதியிருக்கட்டும். பொதுத்தேர்தல் அதற்குள் வந்தால் அதோடு சேர்த்துக்கொள்ளட்டும், செலவும் மிச்சம். இப்போதைய மாசசூசெட்ஸ் சட்டம் ஏறக்குறைய இதுதான். வந்த வழி அசிங்கம், சட்டம் நன்றாக இருக்கிறது. 2013-இல் கெர்ரி வெளியுறவுத் துறைக்குப் போனபோது மோ கவன் என்பவர் சில மாதம் இருந்தார், ஜூனில் தேர்தல் நடந்தது, எட் மார்க்கி வந்தார், ஒரு சத்தமும் இல்லை. இறந்தவரின் கட்சியிலிருந்தே நியமிக்க வேண்டும் என்ற அரிசோனா விதி நியாயமாகத்தான் படுகிறது. மக்கள் ஆறாண்டுக்கு ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்ததை ஒரு மரணம் புரட்டிப்போடக் கூடாது. ஆனால் பெயர்ப் பட்டியலைக் கட்சிக் குழு தருவதில் எனக்குச் சங்கடம் உண்டு. 2012 டிசம்பரில் ஹவாயின் டேனியல் இனோவே சாகும் நாளில் தன் இடத்துக்கு கொலீன் ஹனபூசாவை நியமிக்கும்படி கடிதம் எழுதினார். கட்சி தந்த மூன்று பெயரிலிருந்து பிரையன் ஷாட்ஸ் என்பவரை ஆளுநர் தேர்ந்தெடுத்தார். உயில் எழுதிவைக்க செனட் இடம் சொத்தில்லை என்பதால் ஆளுநர் செய்தது சரி. ஆனால் மூன்று பெயரை எழுதிய அந்தக் கட்சிக் குழுவையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 2014-இல் உட்கட்சித் தேர்தலில் இருவரும் மோதி, ஷாட்ஸ் மயிரிழையில் வென்ற பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

சட்டத்தை எப்போது மாற்றுவது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். யாரும் நோயில் படுக்காத காலத்தில், ஆளுநர் மாளிகைக்கு அடுத்து யார் வருவார் என்று தெரியாத காலத்தில் எழுதப்படும் சட்டம் ஓரளவுக்கு நேர்மையாக இருக்கும். படுத்த பிறகு எழுதினால் 2009 மாசசூசெட்ஸ் ஆகும். இது ஒரு கட்சியின் வியாதி என்று நினைக்க வேண்டாம். கென்டக்கியில் ஆளுநர் ஜனநாயகக் கட்சி, சட்டமன்றம் குடியரசுக் கட்சி, செனட்டர் மிட்ச் மெக்கானல் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 2021-இல் அதே கட்சிக்காரரைத்தான், கட்சிக் குழு தரும் பட்டியலிலிருந்துதான் நியமிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மெக்கானல் செய்தியாளர்கள் முன் பேச்சு நின்று உறைந்துபோன காட்சியை 2023-இல் உலகமே பார்த்தது. 2024-இல் நியமனத்தையே எடுத்துவிட்டுச் சிறப்புத் தேர்தல் என்று மாற்றினார்கள். ஆளுநர் இரண்டு முறையும் வீட்டோ செய்தார், இரண்டு முறையும் மீறினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் 2004-இல் செய்ததேதான், கட்சிகள் மட்டும் இடம் மாறியிருந்தன.

செனட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அயோவாவின் சக் கிராஸ்லி 89 வயதில் இன்னும் ஆறாண்டுக்குத் தேர்வானார். எல்லோரும் நூறாண்டு வாழட்டும். சட்டப் புத்தகம் அந்த நம்பிக்கையில் எழுதப்படக் கூடாது.

"நாங்கள் அரசியல் பேசுவதில்லை, எங்களுக்கு 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தொண்டு அமைப்பு அந்தஸ்து இருக்கிறது" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள் என்று தெரியும். அந்த விதி ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்கிறது. ஒரு சட்டம் என்ன சொல்கிறது என்று உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்வதையோ, மாநில உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்பதையோ அது தடுக்கவில்லை. விழா மண்டப வாசலில் வாக்காளர் பதிவு மேசை போடுகிறீர்களே, அந்த மேசையிலேயே தமிழில் ஒரு பக்கத் தாள் வைக்கலாம்: நம் மாநிலத்தில் செனட்டர் இறந்தால் என்ன நடக்கும் என்று. எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், உங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்து நானே எழுதித் தருகிறேன். உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் சரிபார்த்தால் போதும்.

மேடையில் கேட்க வேண்டாம், அது விருந்தினருக்கு மரியாதை இல்லை. பந்தி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நம் செனட்டர் நாளை இறந்தால் மக்கள் எத்தனை நாளில் வாக்களிப்பார்கள்? பலருக்கு உடனே பதில் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்பார்கள். அவர் அலுவலகத்துக்கு மறுவாரம் ஒரு மின்னஞ்சல் போட்டு நினைவூட்டுங்கள். "அதெல்லாம் ஆளுநர் பார்த்துக்கொள்வார்" என்று ஒருவேளை சொன்னால், நாளைக்கு எதிர்க்கட்சிக்காரர் ஆளுநராக வந்தாலும் இதையேதான் சொல்வீர்களா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாசசூசெட்ஸ் தமிழ் வாக்காளர் ஒருவர்